தீக்குச்சி மிச்சம்

சாகேத், மூன்றாம் தளம், இரவுப்பணி.
ஜன்னலில் டில்லியின் டிசம்பர்
துடைத்தாலும் போகாத அடுப்படிப் பிசுக்காக.
ஒன்பதாம் படுக்கைக்கு வால்வு மாற்றி ஐந்து நாள்.
ஊர்: துர்க்மெனிஸ்தான். பெயர்: ஒகுல்கெரெக்.

அந்தப் பெயரை வார்டே சேர்ந்து உடைத்தது.
ஒகுல் என்றார்கள், கோகுல் என்றார்கள்,
கடைசியில் கோகிலா என்று முடித்தார்கள்.
கோகிலா என்றாலும் திரும்பிப் பார்ப்பாள்.
ஊசி எந்தப் பெயரில் வந்தாலும் ஊசிதானே.

அவள் நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது
இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே
போனில் படித்ததுதான்.
பத்தில் ஏழு பங்கு மணல். கருமணல் என்று பெயர்,
படத்தில் பார்த்தால் அத்தனை கருப்பாக இல்லை.
தலைநகரம் முழுக்க வெள்ளைச் சலவைக்கல்,
கறுப்புக் காருக்கு அங்கே ஆகாது.
குதிரைக்கு ஒரு திருநாள்,
முலாம்பழத்துக்கு ஒரு திருநாள்.
(நர்சுக்கு உண்டா? போடவில்லை.)
அப்புறம் அந்தக் குழி:
பாலைக்கு நடுவில், ஐம்பது வருஷத்துக்கும் மேலாக
அணையாமல் எரியும் வாயு.

காலையில் மொழிபெயர்க்க வரும் தாரிக்கிடம்
கேட்கச் சொன்னேன்: குழியைப் பார்த்திருக்கிறாளா?
அவள் ரஷ்ய மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள்.
தாரிக் சுருக்கினான்:
"நீங்க தாஜ்மகால் பாத்திருக்கீங்களான்னு கேக்கறாங்க."
பதினோரு வருஷமாய் டில்லியில் இருக்கிறேன்.
பார்த்ததில்லை.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பிளந்து தைத்த நெஞ்செலும்பு,
தலையணையைக் கட்டிக்கொண்டு சிரி என்று
நான்தான் அதட்டினேன்.
கட்டிக்கொண்டு சிரித்தாள்.

அன்று மதியம் ஹவுஸ் ராணியிலிருந்து
வீட்டுக்கார நாக்பால் கத்திக்கொண்டே வந்தார்.
துணைக்கு வந்த தங்கை ஐசோல்தான்
வாடகை அறையில் அடுப்பை
மூன்று நாளாக அணைக்கவில்லையாம்.
சிலிண்டர் என்ன விலை தெரியுமா, தெரியுமா!
தங்கை நிதானமாகச் சொன்னாள்:
எங்கள் ஊரில் ரொம்ப காலம் வாயு இலவசம்.
தீப்பெட்டிக்குத்தான் காசு.
ஒருமுறை பற்றவைத்தால் பிறகு எதற்கு அணைப்பது?
ஒரு குச்சி வீண்.

நாக்பாலுக்கு வாயடைத்தது.
எனக்குள் எங்கள் வீட்டு பிளேடு வந்து போனது.
ஒரு குச்சியை நெடுக்கே பிளந்து
இரண்டாக்கி வைப்பாள் அம்மா.
அங்கே தீயை மிச்சம் பிடிக்கவில்லை,
இங்கே தீ தவிர எல்லாமே மிச்சம் பிடித்தோம்.
இரண்டு வீட்டிலும் கணக்கு குச்சியில்தான்.

ஏழாம் நாள் தாரிக் தானாகவே கேட்டான்,
அந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம் என்று.
ஒகுல்: மகன். கெரெக்: வேண்டும்.
நாலாவது பெண்ணாம்.

என் மார்பில் குத்திய அட்டையில்
பி. பொண்ணு என்று இருக்கிறது.
பி அப்பா பெயரின் முதலெழுத்து என்று
எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.
கல்லூரியில் சேர்ந்த அன்று
ஒரு முழுச் சொல்லை ஓர் எழுத்தாக மடித்தேன்.
போதும்.
போதும்பொண்ணு.
எங்கள் வீட்டில் அஞ்சாவது.

இதைத் தாரிக்கிடம் இந்தியில் சொல்ல,
அவன் ரஷ்யனில் சொல்ல,
அவள் தலையணையைத் தேடவில்லை.
என்னையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: வந்தானா?
வந்தான். சிங்கப்பூரில் இருக்கிறான். பொங்கலுக்குப் பேசுவான்.
உனக்கு?
எனக்குப் பிறகு இரண்டு பெண்கள்.
ஐசோல்தான் கையைத் தூக்கினாள்,
வருகைப்பதிவுக்குத் தூக்குவதுபோல.

மறுநாள் விடிகாலை
பிளட் பிரஷர் பார்க்கப் போனேன்.
தட்டில் பன் ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
அரைத் தூக்கத்தில் கை நீட்டி
அதை நிமிர்த்தி வைத்தாள்,
குப்புற விழுந்த பிள்ளையைப் புரட்டுவதுபோல.
ஏன் என்று கேட்கத் தாரிக் இல்லை.
போன் பையிலேயே இருந்தது,
நான் எடுக்கவில்லை.
நூற்றிருபது, எழுபத்தெட்டு என்று குறித்துவிட்டு
அடுத்த படுக்கைக்கு நடந்தேன்.